பிளேடா, மெஷினா? வீட்டுப் பட்டறை ரம்பம் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது

"மெஷின் போயிடுச்சு, பாருங்க" என்று என்னிடம் வரும் கை ரம்பங்களில் பெரும்பாலானவற்றில் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு பிளேடில் இருக்கும். இல்லையென்றால் பிளேடை மாட்டிய விதத்தில் இருக்கும். ஆறு வருடமாக வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். தெருவிலும் சொந்தத்திலும் இருப்பவர்களுக்கு இதே ஏழெட்டுக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கொடுத்ததில் ஒரு வரிசை பிடிபட்டது. செலவே இல்லாத காரணத்தை முதலில் பார்ப்பது, பணம் பிடுங்கும் காரணத்தைக் கடைசியில் பார்ப்பது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இதில் வருபவை வீடுகளில் அதிகம் புழங்கும் நான்கு வகை மெஷின்கள்: கையில் பிடித்து அறுக்கும் 7¼ அங்குல சர்குலர் சா (கீழே கை ரம்பம் என்று சொல்வது இதைத்தான்), 10 அங்குல டேபிள் சா (மேசை நடுவில் பிளேடு நீட்டி நிற்பது) அல்லது மைட்டர் சா (பிளேடை மேலிருந்து இறக்கி அறுப்பது), ஒடுக்கமான பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக் சா, அப்புறம் நம் ஊரில் மரத்துக்கும் ஓட்டப்படும் 4 அங்குல மார்பிள் கட்டர்.

எதையும் தொடுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கை உங்கள் கண்ணில் படும் இடத்தில், முடிந்தால் உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது "கழன்று கிடக்கிறதே" என்று சொருகிவிட வாய்ப்புண்டு. பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். பிளேடைக் கையால் பிடிக்கும்போது கனமான கையுறை போடுங்கள். ஓட்டும்போது கையுறையைக் கழற்றிவிடுங்கள், சுழலும் பிளேடு துணியை இழுத்தால் கையும் சேர்ந்து போகும். அதே காரணத்துக்காக வேட்டி, லுங்கி, துண்டு, தொங்கும் துப்பட்டா எதுவும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி எப்போதும் வேண்டும்.

## அறிகுறி 1: வெட்டின ஓரம் கருகுகிறது, புகை வாடை வருகிறது

பிளேடு தலைகீழாக இருக்கிறதா?
சிரிக்காமல் முதலில் இதைப் பாருங்கள். புது பிளேடு மாட்டிய அன்றே கருகினால் பத்துக்கு ஐந்து தடவை இதுதான் காரணம். பிளேடின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும், மெஷினின் மூடியிலும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் சுழல வேண்டும். எழுத்து இருக்கும் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்று நினைத்து மாட்டுகிறார்கள். அதை நம்ப முடியாது, அம்பை மட்டும் நம்புங்கள். அம்பு அழிந்திருந்தால் பல்லைப் பாருங்கள். கை ரம்பத்தில் முன்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏற வேண்டும். டேபிள் சாவில் உங்கள் பக்கம் இருக்கும் பற்கள் கீழ்நோக்கி இறங்க வேண்டும்.

பல்லில் பிசின் ஏறியிருக்கிறதா?
பற்களின் பக்கவாட்டில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பாகு மாதிரி ஒட்டியிருந்தால் அது மரப்பிசினும் பிளைவுட் பசையும். பலா, மா போன்ற மரங்களை ஈரமாக அறுத்தால் சீக்கிரம் ஏறும். மழுங்கிவிட்டது என்று தூக்கிப்போடப்பட்ட பிளேடுகளில் கணிசமானவை கழுவினால் பிழைத்துக்கொள்கின்றன. பிளேடைக் கழற்றி ஓர் அகலமான தட்டில் வைத்து, வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். இருபது நிமிடம் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேயுங்கள். ஊறிக்கொண்டே கிடக்கட்டும் என்று இரவெல்லாம் விட வேண்டாம். மண்ணெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் கூடாது. பிறகு ஈரமில்லாமல் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வையுங்கள். பிசினைத் தீயில் காட்டிப் பொசுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். தகடு வளையும், பல் முனையை ஒட்டியிருக்கும் பற்றவைப்பும் கெடும்.

பல் எண்ணிக்கை வேலைக்குப் பொருந்துகிறதா?
நாரோடு நீளவாக்கில் கனமான சட்டத்தைக் கிழிக்கும்போது 60 பல் பிளேடைப் போட்டால் மரத்தூள் வெளியேற இடமில்லாமல் தேய்ந்து கருகும். 7¼ அங்குலத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு இது: நீளவாக்கில் கிழிக்க 24 பல், எல்லாவற்றுக்கும் பொதுவாக 40, பிளைவுட்டும் மைக்காவும் என்றால் 60. 10 அங்குலத்தில் அதே வரிசை 24 முதல் 30, 40 முதல் 50, 60 முதல் 80 என்று போகும். ஒரே ஒரு பிளேடுதான் வாங்க முடியும் என்றால் 40 பல் வாங்குங்கள்.

தள்ளும் வேகம்
பயந்து பயந்து மெதுவாகத் தள்ளினாலும் கருகும். ஒரே இடத்தில் நின்று தேய்ப்பதுதான் சூடு. மோட்டார் சத்தம் லேசாக இறங்கும் அளவுக்கு, நிற்காமல், ஒரே சீராகத் தள்ளுங்கள்.

மழுங்கலா?
பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் ஒரு பல்லின் முனையைப் பாருங்கள். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கிய முனையில் வெள்ளிக் கோடு ஒன்று மின்னும். கட்டை விரல் நகத்தில் மிக லேசாக வைத்து இழுத்தால் கூரான பல் நகத்தைச் சீவும், மழுங்கியது வழுக்கும். மழுங்கியிருந்தால் சாணைக்கு அனுப்ப வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

டேபிள் சாவில் மட்டும், ஒரே பக்கம் கருகுகிறதா?
அப்படியானால் பிளேடைக் குறை சொல்லாதீர்கள். மரத்தை அணைத்து ஓட்டும் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லை. ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது மேசையில் ஓடும் பள்ளத்திலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் என்று அளந்து, பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிளேடு நேர். அடுத்து ஃபென்ஸை அதே பள்ளத்திலிருந்து முன்னும் பின்னும் அளங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசமே கருகலாகத் தெரியும். ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் கருகலோடு நிற்காது, மரம் திருப்பி அடிக்கும். சரிசெய்யும் வரை அறுக்காதீர்கள்.

## அறிகுறி 2: பிளைவுட்டின் மேல்தோல் சிராய்க்கிறது, மைக்கா சில்லு சில்லாகப் பெயர்கிறது

முதலில் பலகையைத் திருப்பிப் போடுங்கள். செலவில்லை. பல் மரத்தை விட்டு வெளியேறும் முகம்தான் சிராய்க்கும். கை ரம்பத்திலும் ஜிக் சாவிலும் பல் கீழிருந்து மேலே வருகிறது, அதனால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். டேபிள் சாவிலும் மைட்டர் சாவிலும் பல் மேலிருந்து இறங்குகிறது, நல்ல முகம் மேலே. இந்த ஒன்றைச் சொன்னதும் பிரச்சினை தீர்ந்து போனவர்கள் பலர்.

இரண்டு முகமும் தெரியும் அலமாரிக் கதவு என்றால்? கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அழுத்தி, டேப்பின் மேலேயே கோடு போட்டு அறுங்கள். அது போதாவிட்டால் கூரான கத்தியால் கோட்டை இரண்டு தடவை கீறிவிட்டு, கீறலுக்கு ஒட்டிக் கழிவுப் பக்கத்தில் பிளேடை ஓட்டுங்கள். அடியில் ஒரு பழைய பிளைவுட் துண்டை அணைத்துச் சேர்த்து அறுத்தால் அடிமுகமும் தப்பும்.

இதற்கும் அடங்காவிட்டால் பல் எண்ணிக்கையை 60க்கு ஏற்றுங்கள். மைக்கா ஒட்டிய போர்டு நிறைய அறுப்பவர்கள் கடையில் "மைக்காவுக்கான பல்" என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒரு பல் தட்டையாகவும் அடுத்த பல் இருபுறமும் மூலை வெட்டியும் இருக்கும். சாதாரண மர பிளேடில் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்திருக்கும், அந்தக் கூர்முனைகள் மைக்காவில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பத்துப் பதினைந்து ஷீட் அறுக்க வேண்டிய சமையலறை வேலை என்றால் ஒரு யோசனை. உங்கள் ஊரில் பேனல் சா வைத்திருக்கும் பிளைவுட் கடையிலோ மாடுலர் கிச்சன் பட்டறையிலோ அளவு கொடுத்து அறுத்து வாங்கிவிடுங்கள். அந்த மெஷினில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டி பிளேடு அடிமுகத்தைக் கீறிக்கொண்டே போகும். வீட்டு ரம்பத்தில் அந்தச் சுத்தம் கிடைப்பது கடினம்.

## அறிகுறி 3: பிளேடு மரத்தில் சிக்குகிறது, மெஷின் பின்னால் எகிறுகிறது

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். மற்ற கோளாறுகள் மரத்தைக் கெடுக்கும். இது ஆளைக் கெடுக்கும். ஒரு முறை எகிறியிருந்தாலும் காரணம் தெரியும் வரை அடுத்த வெட்டுக்குப் போகாதீர்கள்.

தாங்கல் சரியா?
பெரும்பாலும் காரணம் இதுதான். இரண்டு ஸ்டூலின் மேல் 8 அடி பிளைவுட்டைப் போட்டு நடுவில் அறுப்பார்கள். பாதி தாண்டியதும் ஷீட் நடுவில் தொய்ந்து, வெட்டின வாய் மூடி, பிளேடை இறுக்கிப் பிடிக்கும். மெஷின் அறுப்பவரை நோக்கிப் பாயும். தீர்வுக்குச் செலவே இல்லை. தரையில் நான்கு ரீப்பர் கட்டைகளைப் போடுங்கள், வெட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஷீட்டை அதன் மேல் வைத்து அறுங்கள். அறுந்த பிறகும் இரண்டு பாதியும் இருந்த இடத்திலேயே இருக்கும். நுனியில் சின்னத் துண்டு அறுப்பதென்றால் அந்தத் துண்டு தானாக விழ விடுங்கள், இரு பக்கமும் தாங்க வேண்டாம்.

ஆழம் அதிகமா?
கை ரம்பத்தில் பிளேடு மரத்துக்கு அடியில் ஒரு பல் உயரம், அதாவது 5 அல்லது 6 மி.மீ. நீட்டினால் போதும். முழு ஆழத்தில் வைத்து 12 மி.மீ. பிளைவுட்டை அறுப்பது பிளேடின் பெரும்பகுதியைக் காரணமே இல்லாமல் வெளியே திறந்து வைப்பது.

மரம் ஈரமா, முறுக்கா?
பச்சை மரமும் முறுக்கேறிய சட்டமும் அறுக்க அறுக்கத் தானே வாய் மூடும். சில அடி அறுத்ததும் மெஷினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு, வெட்டில் ஒரு மெல்லிய ஆப்பு செருகிவிட்டுத் தொடருங்கள்.

டேபிள் சாவின் பிளவுத் தகடு எங்கே?
பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டின வாயை மூடவிடாமல் வைத்திருக்கும் அந்தத் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். திரும்ப மாட்டுங்கள். புது பிளேடு வாங்கும்போது ஒரு கணக்குப் பாருங்கள். தகட்டின் கனம் பிளேடு உடம்பின் கனத்தை விட அதிகமாகவும், பல் வெட்டும் அகலத்தை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடம்பு 1.8, வெட்டு 2.6 என்றால் 2.2 மி.மீ. தகடு பொருந்தும். மெல்லிய வெட்டு பிளேடு வாங்கிவிட்டுப் பழைய கனமான தகட்டையே வைத்தால் மரம் தகட்டில் முட்டி நிற்கும். பலர் அப்போதுதான் தகட்டைக் கழற்றுகிறார்கள்.

கீழ் மூடி தானாக மூடுகிறதா?
பிளக் கழற்றிய நிலையில் கை ரம்பத்தின் நகரும் மூடியைத் தூக்கி விடுங்கள். பட்டென்று மூட வேண்டும். தயங்கினால் உள்ளே தூளும் பிசினும் இருக்கிறது, பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். ஸ்பிரிங் போயிருந்தால் சர்வீஸ் கடையில் மாற்றுங்கள். மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள்.

மார்பிள் கட்டரில் மர பிளேடு
நம் ஊரில் இது சர்வசாதாரணம், அதனால் தனியாகச் சொல்கிறேன். மார்பிள் கட்டர் கல்லுக்குச் செய்த மெஷின். மரம் அறுக்கும் ரம்பத்தில் இருக்கும் அந்த நகரும் கீழ் மூடி இதில் கிடையாது. சுழல்வதும் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல், 7¼ அங்குல ரம்பம் சுமார் 5,000 தான். வெட்டு முடிந்து தூக்கியதும் பிளேடு திறந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தொடையருகே இறக்குவதில்தான் காயம் ஆகிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு அப்படித்தான் ஆனது, மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து இறக்கியிருக்கிறார். என் கருத்து, மாதம் ஒரு தடவையாவது மரம் அறுப்பவர் சர்குலர் சா ஒன்று வாங்கிவிடுவதுதான் சரி. அதுவரை இதையே ஓட்ட வேண்டியிருந்தால் இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும், அடித்தட்டு பலகையில் முழுதாகப் படியட்டும், பிளேடு முற்றிலும் நிற்கும் வரை பலகையை விட்டுத் தூக்காதீர்கள். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் மெஷின் வேகத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டவே கூடாது. இதற்கு "எச்சரிக்கையாக ஓட்டினால்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

## அறிகுறி 4: பிளேடு ஆடுகிறது, வெட்டு அகலமாக வருகிறது, மெஷின் அதிர்கிறது

போல்ட் தளர்வா? இறுக்கிப் பாருங்கள். சரியானால் முடிந்தது.

வாஷர்களுக்கு நடுவே தூள் இருக்கிறதா? பிளேடை இரண்டு பக்கமும் பிடிக்கும் கனமான வாஷர்களைக் கழற்றித் துணியால் துடையுங்கள். அரிசி அளவு தூள் நடுவில் சிக்கினால் பிளேடின் விளிம்பில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். வாஷரின் முகத்தில் விரலை ஓட்டினால் முள் மாதிரி ஏதாவது தட்டுகிறதா என்றும் பாருங்கள். தட்டினால் கண்ணாடி மேல் உப்புத்தாளை வைத்து அதன் மேல் வாஷரை மெல்லத் தேயுங்கள். உள் வாஷரையும் வெளி வாஷரையும் இடம் மாற்றி மாட்டியிருந்தாலும் பிளேடு ஆடும்.

துளை பொருந்துகிறதா? அறிகுறி 6-ஐப் பாருங்கள்.

வளைந்தது பிளேடா, அதை மாட்டியிருக்கும் தண்டா? இதற்கு ஓர் எளிய சோதனை. பிளக் கழற்றியபின், பிளேடின் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை இறுகக் கட்டி, கிட்டத்தட்ட பிளேடைத் தொடும்படி நிறுத்துங்கள். கையால் மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் பிளேடு கட்டையை உரசும். அந்த இடத்தைப் பிளேடில் குறித்துக்கொள்ளுங்கள், தண்டிலும் அதே நேர்கோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது போல்ட்டைத் தளர்த்தி, தண்டை அசைக்காமல் பிளேடை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்கிச் சுற்றுங்கள்.

உரசும் இடம் பிளேடில் வைத்த குறியோடு சேர்ந்து வந்தால் பிளேடு வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்த முயலாமல் மாற்றிவிடுங்கள். உரசும் இடம் தண்டில் வைத்த புள்ளியோடு நின்றால் தண்டோ வாஷரோ கோணல். வாஷரை மாற்றியும் தீராவிட்டால் தண்டு, பேரிங் வேலை. அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, பவர் டூல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தண்டே கடகடவென்று ஆடுகிறதா? அப்படியானால் மேலே சொன்ன சோதனையைச் செய்ய வேண்டாம், பேரிங் போய்விட்டது.

## அறிகுறி 5: பிளேடு போல்ட் கழல மறுக்கிறது

தவறான பக்கம் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு வழி இருக்கிறது: பிளேடு ஓடும்போது எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பினால் போல்ட் தளரும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும். ஓட ஓடத் தானே கழன்றுவிடாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் மைட்டர் சாக்களில் பலவற்றில் போல்ட் வலப்பக்கம், அதாவது நாம் சாதாரணமாக இறுக்கும் பக்கம், திருப்பினால் கழல்கிறது. உங்கள் மெஷினின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

பக்கம் சரி, ஆனாலும் வரவில்லை என்றால்:

தண்டைப் பூட்டும் பொத்தானை அழுத்தியபடி பிளேடை மெல்லச் சுற்றுங்கள், 'டக்' என்று ஓரிடத்தில் விழும். விழாமலே பலம் கொடுத்தால் பொத்தானின் ஊசி உடையும். பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது.

பொத்தான் தாங்கவில்லை என்றால் பல்லை ஒரு மரக்கட்டையில் ஊன்றிப் பிடித்துத் திருப்புங்கள். துரு பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெயை அடித்து அரை மணி நேரம் விடுங்கள். மெஷினோடு வந்த எல் கீயையே பயன்படுத்துங்கள், கொஞ்சம் சிறிய சாவி போட்டால் போல்ட்டின் அறுகோணக் குழி உருண்டுவிடும். உருண்டுவிட்டதா? அங்கேயே நிறுத்திவிடுங்கள். சுத்தியலும் உளியும் எடுத்தால் தண்டு கெடும், ஒரு போல்ட் விலையில் முடிவது மோட்டார் விலைக்குப் போகும்.

திரும்ப மாட்டும்போது சாவியின் நுனியில் ஒரு கை பலம் போதும். அது ஓட்டத்திலேயே இறுகிக்கொள்ளும். சாவிக்குக் குழாய் மாட்டி இறுக்கியவர்கள்தான் அடுத்த முறை என்னிடம் வருகிறார்கள்.

## அறிகுறி 6: வாங்கி வந்த பிளேடு உட்காரவில்லை

வெளி அளவை மட்டும் சொல்லி வாங்கினால் இப்படித்தான் ஆகும். கடையில் மூன்று சொல்ல வேண்டும்: விட்டம், நடுத்துளை, எந்த மெஷினுக்கு. 4 அங்குல மார்பிள் கட்டருக்கு 110 மி.மீ. விட்டம், 20 மி.மீ. துளை. 10 அங்குல மெஷின்களில் 25.4, 30 இரண்டும் புழங்குகின்றன. 7¼ அங்குலத்திலும் மெஷினுக்கு மெஷின் துளை மாறும். பழைய பிளேடைக் கையோடு கொண்டுபோவதுதான் தவறாத வழி.

துளை பெரிதாக இருந்தால் பிளேடோடு வரும் வளையத்தைப் போடலாம். அது துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும், கனம் பிளேடு உடம்பை விட அதிகமாக இருக்கக் கூடாது. அதிகமானால் வாஷர் பிளேடைப் பிடிக்காமல் வளையத்தைப் பிடிக்கும். டேப் சுற்றியோ தகரம் வெட்டியோ துளையைச் சிறிதாக்காதீர்கள். துளை சிறிதாக இருந்தால் துளைத்துப் பெரிதாக்க வேண்டாம், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூடிக்குள் கொள்ளும் அளவை விடப் பெரிய பிளேடை மூடியைக் கழற்றிவிட்டு மாட்டுவதும் கூடாது.

புது பிளேடு எதுவானாலும், மாட்டியபின் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு பிளக் போட்டு, பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நின்று, அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். அதிர்வோ உரசலோ இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

## அறிகுறி 7: வேகம் இறங்குகிறது, மோட்டார் இரைகிறது, நின்று நின்று ஓடுகிறது

சும்மா ஓடும்போது சரியாக ஓடி, மரத்தில் வைத்ததும் இறங்கினால் முதலில் அறிகுறி 1-க்குப் போங்கள். மழுங்கிய பிளேடுதான் பெரும்பாலும் மோட்டாரைக் கொல்கிறது. சும்மா ஓடும்போதே தடுமாறினால் கீழே தொடருங்கள்.

வயர். 1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், சிக்கும்போது அதற்கும் மேல். இதை டிவிக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷனில் சொருகினால் வோல்டேஜ் வழியிலேயே தேய்ந்துவிடும். மெஷினை நேராகச் சுவரில் இருக்கும் 15 ஆம்ப் பிளக்கில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன். 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் ஒன்று செய்துகொள்ளுங்கள், ஓட்டும்போது சுருளை முழுக்க விரித்துவிடுங்கள். பிளக் இல்லாமல் வயரின் செம்பு முனையைத் துளையில் விட்டுத் தீக்குச்சி செருகும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

வோல்டேஜ். கோடை மாலையில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் காலையில் அறுத்துப் பாருங்கள்.

கார்பன் பிரஷ். சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு இது. பல மெஷின்களில் மோட்டாரின் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பிளக் கழற்றி, தட்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்தால் பிரஷ் வெளியே வரும். 5 அல்லது 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். மெஷின் மாடலைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும், அதிக விலையும் இல்லை. மாற்றியபின் சில நிமிடம் சும்மா ஓடவிட்டுப் படியவிடுங்கள்.

இதற்கு மேல் வேண்டாம். உள்ளே சின்னப் பொறி வருவது சகஜம். வளையமாக நெருப்பு சுற்றினாலோ, வார்னிஷ் கருகும் வாடை வந்தாலோ, மெஷினின் உடம்பில் ஷாக் அடித்தாலோ நிறுத்திவிடுங்கள். ஆர்மேச்சர், அதாவது மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருள், அதன் வேலை ரீவைண்டிங் கடையில்தான். கேட்கும் கூலி புது மெஷினில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குவதே மேல்.

## அறிகுறி 8: ஜிக் சா கோட்டை விட்டு ஓடுகிறது, வெட்டு சாய்கிறது

தள்ளும் பலத்தைக் குறையுங்கள். அதற்கப்புறம் பிளேடின் முதுகைத் தாங்கும் குட்டி உருளை பிளேடைத் தொடுகிறதா பாருங்கள். தொடாவிட்டால் பிளேடு பின்னால் வளையும். வளைவு அறுக்கும்போதும் மைக்காவிலும் பிளேடை முன்னும் பின்னும் ஊசலாட்டும் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

பிறகு பிளேடு. கனமான சட்டத்துக்கு அகலமான பெரிய பல், சுத்தமான வெட்டுக்கு நுண்ணிய பல், வளைவுக்கு ஒடுக்கமான பிளேடு, இரும்புக்குத் தனி. மேல்முகம் சிராய்க்கக் கூடாது என்றால் பல் கீழ்நோக்கி இருக்கும் பிளேடும் கிடைக்கும். பிளேடு அடிக்கடி கழன்று விழுந்தால் அதன் வாலைப் பாருங்கள். இப்போதைய மெஷின்கள் டி வடிவ வாலைத்தான் பிடிக்கின்றன, பழைய யு வடிவம் அதில் நிற்காது.

40 மி.மீ. சட்டத்தில் கொஞ்சம் சாய்வது இந்த மெஷினின் குணம். நேர் வெட்டு வேண்டுமென்றால் சர்குலர் சாவை எடுங்கள்.

## அறிகுறி 9: பிளேடு சீக்கிரம் சீக்கிரம் மழுங்குகிறது

பழைய கதவு, நிலை, உத்திரம் வாங்கி அறுப்பவரா நீங்கள்? அதில் தலை போன ஆணிகள் உள்ளே இருக்கும். நல்ல பலமான காந்தத்தை மரத்தின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள், ஆணி இருக்கும் இடத்தில் லேசாகப் பிடிக்கும். ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே போதும். சுவரிலிருந்து எடுத்த மரமென்றால் ஒட்டிய சுண்ணாம்பு, சிமெண்டு, மணல் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே அறுங்கள்.

தேக்கில் மணல் சத்து உண்டு, மற்ற மரத்தை விட அது பல்லை வேகமாகத் தேய்க்கும். பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் அவற்றிலுள்ள பசையால் அப்படியே. இவற்றுக்கென்று ஒரு பழைய பிளேடை ஒதுக்கிவிட்டு, நல்ல பிளேடை நல்ல வெட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் போடாதீர்கள், பல் நுனியில் பற்றவைத்திருக்கும் கார்பைடு துண்டு கடினமானது, ஆனால் மோதினால் தெறிக்கும். நடுவில் அட்டை வையுங்கள்.

சாணைக்கா, குப்பைக்கா?
முனையில் கார்பைடு வைத்த பிளேடை வீட்டு அரத்தால் தீட்ட முடியாது, வைரச் சக்கரம் வேண்டும். அதற்கென்று சாணைக் கடைகள் இருக்கின்றன. மர மில், பர்னிச்சர் பட்டறை இருக்கும் பகுதியில் விசாரித்தால் தெரியும். கொடுக்கும் முன் நீங்களே கழுவிக் கொடுங்கள், பிசினோடு தீட்டினால் கோணம் சரியாக வராது. "எல்லாப் பல்லையும் ஒரே அளவாக எடுங்கள், இருந்த சாய்வு மாறக் கூடாது" என்று சொல்லிக் கொடுங்கள்.

ஒரு முனை பெயர்ந்திருந்தாலும் அந்தப் பிளேடை ஓட்டக் கூடாது. விலை உயர்ந்த 10 அங்குல பிளேடு என்றால் புது முனை பற்றவைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். 4 அங்குல பிளேடுக்கு அந்தச் செலவு தகாது. உடம்பில் முடி மாதிரி விரிசல் தெரிந்தாலோ, சூட்டில் நீலம் பாய்ந்து ஆடினாலோ, சாணைக் கடைக்காரர் "இன்னும் ஓட்டலாம்" என்றாலும் வேண்டாம். அதைக் குப்பையில் போடும் முன் பற்கள் மேல் தடிமனான டேப்பைச் சுற்றிவிடுங்கள், குப்பை எடுக்க வருபவர் வெறும் கையால்தான் எடுப்பார்.